நேசமணி வண்டி: குமரியில் நான்கு நாள்

முதல் நாள், சனிக்கிழமை: நாகர்கோவில்

கூகுளில் ‘நேசமணி’ என்று தட்டிப் பாருங்கள். தலையில் சுத்தியல் விழுந்த வடிவேலுதான் முதலில் வந்து நிற்பார். 2019 மே மாதம் ஊர் உலகமெல்லாம் அவருக்காகப் பிரார்த்தனை செய்ததே, அதன் புண்ணியம்.

நான் தேடி வந்த நேசமணி வேறு. அப்பாவு நேசமணி, வக்கீல். நாகர்கோவில் தொகுதியிலிருந்து 1952, 1962, 1967 என மூன்று முறை மக்களவைக்குப் போனவர். அவர் பெயருக்கு முன்னால் ‘மார்ஷல்’ போடாமல் இந்த ஊரில் யாரும் எழுதுவதில்லை. பட்டாளத்தில் வாங்கிய பட்டம் அல்ல, கூட நின்ற ஜனங்கள் வைத்த பேர். கன்னியாகுமரி மாவட்டம் இன்றைக்குத் தமிழ்நாட்டில் இருப்பதற்கு முக்கியக் காரணமானவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க நான்கு நாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

கோட்டாறு ஸ்டேஷனுக்கு அண்ணாச்சி வந்திருந்தார். பழைய அலுவலக நண்பர் ஒருவரின் அண்ணன். முப்பத்தோரு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். சாயா குடிக்க உட்கார்ந்த கடையிலேயே சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே ஒரு டிக்கெட் கத்தை, பாதி கிழித்தது போக மீதி. தாள் பழுப்பேறி, மேலே சுற்றியிருந்த ரப்பர் பேண்டு இளகி அதோடு ஒட்டிப்போயிருந்தது. தலைப்பில் ‘நேசமணி போக்குவரத்துக் கழகம்’ என்று அச்சு. ஓரத்தில் மழுங்கிய பென்சிலால் ஒரு கூட்டல் கணக்கு.

“என் கணக்காக்கும் அது. ஒருநாள் கலெக்‌ஷன்ல ரூவா குறைஞ்சுபோச்சு. கூட்டிக் கூட்டிப் பாத்தேன், கிட்டல்ல.”

குறைந்த ரூபாயைக் கைக்காசில் கட்டினாராம். கத்தையை ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்டதற்குச் சாயாவை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

1980-களில் இந்த மாவட்டத்து பஸ்களுக்கென்று தனிக் கழகம் வைத்தபோது நேசமணி பெயரைச் சூட்டினார்கள். ஒரு தலைமுறைக்கு நேசமணி என்றால் பஸ். ஸ்கூலுக்குப் போனது நேசமணியில், கல்யாண ஜவுளிக்குப் போனது நேசமணியில். 1997-ல் தேவேந்திரகுல மக்கள் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தொடங்கப்போய்த் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரை எடுத்துவிட்டது. கட்டபொம்மன், சேரன், பாண்டியன் எல்லாரும் இறங்கினார்கள். நேசமணியும் இறங்கினார்.

சாதிச் சண்டையில் அவர் பெயர் அடிபட்டுப் போனதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது புரிய வேண்டுமென்றால் கோர்ட் ரோட்டுக்கு வரவேண்டும். இன்று சனிக்கிழமை, ரோடு காலியாகக் கிடந்தது. நோட்டரி போர்டுகளும் பூட்டிய ஜெராக்ஸ் கடைகளும்தான்.

இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த மகாராஜா காலத்தில் நாகர்கோவில் வக்கீல் சங்கத்தில் உயர்சாதி வக்கீல்களுக்கு நாற்காலி, நாடார் முதலான மற்றவர்களுக்கு முக்காலி. குடிதண்ணீர்ப் பானையும் தனித்தனி. இளவட்ட வக்கீலாக உள்ளே வந்த நேசமணி முக்காலியை எட்டி உதைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், பானையையும் உடைத்தார் என்பது ஊரறிந்த கதை. அண்ணாச்சி சொன்னதில் ஒரே ஒரு முக்காலி, ஒரே உதை. சாயாக் கடைக்காரர் சொன்னதில் எல்லா முக்காலிகளும் முற்றத்தில் போய் விழுந்தன. இன்னும் இரண்டு கடை ஏறியிருந்தால் கூரையும் பறந்திருக்கும்.

எனக்கு உதையைவிட அந்த முக்காலிதான் மனசில் நிற்கிறது. படித்துப் பட்டம் வாங்கி, கோட்டு மாட்டிக்கொண்டு வந்த ஆளை வெளியே நில் என்று சொல்லவில்லை. உட்காரச் சொன்னார்கள். முதுகு மட்டும் சாயக்கூடாது.

சாயங்காலம் வேப்பமூடு பக்கம் அவருடைய மணிமண்டபத்துக்குப் போனோம். சிலைக்கு முன்னால் அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு நெற்றியில் கைவைத்துக் கும்பிட்டார்.

“அவர் கிறிஸ்தவர் இல்லையா அண்ணாச்சி?”

“எனக்கு அவரு முதலாளியாக்கும் தம்பி.”

இரவு லாட்ஜில் உட்கார்ந்து எழுதுகிறேன். 1952 பொதுத்தேர்தலில் அவர் நின்றது காங்கிரஸில் அல்ல, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸில். பேரில் காங்கிரஸ் இருந்தாலும் காங்கிரஸை எதிர்த்து நின்ற கட்சி. ஒரே கோரிக்கை: சமஸ்தானத்தில் தமிழ் பேசும் தாலுகாக்களைப் பிரித்துத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும். சட்டமன்றத்தில் எட்டு இடம் கிடைத்தது, மக்களவையில் ஒன்று. 489 பேர் ஜெயித்து வந்த முதல் மக்களவையில் அந்தக் கட்சிக்குத் தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. பக்கத்துத் திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து அதே அவைக்குப் போன ஆனி மஸ்கரீன் சுயேச்சை. எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் தனி ஆட்களாக அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் நாள், ஞாயிறு: பள்ளியாடி

பாசஞ்சரில் போனேன். இரணியல் தாண்டியதும் பள்ளியாடி. இந்த ரயில்பாதை 1979-ல்தான் வந்தது, அவர் கண்ணை மூடிப் பதினோரு வருஷம் கழித்து. இறங்கியது நானும், பலாப்பழம் ஒன்றைத் தோளில் சுமந்த ஒருவரும்.

1895 ஜூன் 12-ல் நேசமணி பிறந்த ஊர் இது. ரப்பர் மரம், வாழை, மரச்சீனி, நடுநடுவே வளைகுடாப் பணத்தில் எழும்பிய வீடுகள். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் ஒலிபெருக்கியில் பாட்டு. பழையபள்ளி அப்பா திருத்தலத்துக்கு எந்த மதம் என்று கேட்காமல் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சமபந்தி விருந்தும் உண்டு.

மழைக்கு ஒதுங்கிய திண்ணையில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பகுதிப் பெண்கள் மேலாடை போடுவதற்காக அடிவாங்கி, கடைசியில் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது 1859-ல். நேசமணி பிறந்தது 36 வருஷம் கழித்து. தோள்சீலைக் கலவரத்தைக் கண்ணால் பார்த்த கிழவிகள் அவர் சின்னப் பையனாக இருந்தபோது உயிரோடு இருந்திருப்பார்கள். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்த பையன், வக்கீலாகிப் போன இடத்தில் ஒரு முக்காலி கிடக்கிறது. உதைக்காமல் என்ன செய்வான்?

திண்ணை வீட்டு அக்கா வேகவைத்த மரச்சீனியும் மத்தி மீன் கறியும் கொண்டுவந்து வைத்தார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. சாப்பிட்டு முடிப்பதற்குள் திரும்பிப் போகிற ரயிலை விட்டேன். பஸ் மாறி மாறி வந்து சேர இருட்டிவிட்டது. இன்றைக்கு இவ்வளவுதான்.

மூன்றாம் நாள், திங்கள்: தக்கலை, மார்த்தாண்டம், புதுக்கடை

பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. தெரிந்துகொள்ளாமல் கிளம்பியது என் புத்தி. பூட்டிய கதவுக்கு எதிரே நின்று அண்ணாச்சி சிரித்தார், “நானும் சொல்லணும்ணு நெனச்சேன், நீங்க ரொம்ப ஆசையா வந்திய.”

வெளியிலிருந்து பார்க்கவும் அங்கே ஒரு விஷயம் இருக்கிறது. அரண்மனை நிற்கிற மண் தமிழ்நாடு. பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. நுழைவுச்சீட்டு கொடுப்பவரும் கேரள அரசு ஊழியர். 1956-ல் தாலுகாக்களைப் பிரித்தபோது, 1795 வரை தலைநகராக இருந்த ஊரின் அரண்மனையை மட்டும் கேரளம் விட்டுக்கொடுக்கவில்லை. பாகப்பிரிவினையில் அம்மாவின் பாக்குவெட்டியை ஒரு பிள்ளை தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லையா, அது மாதிரி. நவராத்திரிக்கு இங்கிருந்து சரஸ்வதி, வேளிமலைக் குமாரசாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகிறார்கள். களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒப்படைக்க, கேரளத்துக்காரர்கள் மரியாதையோடு வாங்கிக்கொள்கிறார்கள். சாமிகளுக்கு இந்த எல்லை இன்னும் பழகவில்லை.

அங்கிருந்து மார்த்தாண்டம். ஊருக்கு மேலே இரும்பு மேம்பாலம், கீழே பழைய நெரிசல் அப்படியே. தேன் கடைகள். நேசமணி நினைவுக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் பஸ் படியில். 1964-ல் தொடங்கிய கல்லூரி அது. பழைய ஆட்கள் மார்த்தாண்டத்தைத் தொடுவெட்டி என்பார்கள். 1954 ஆகஸ்ட் 11-ஐப் பற்றிப் பேசும்போது அண்ணாச்சியும் தொடுவெட்டி என்றுதான் சொன்னார்.

அந்த வருஷத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். 1952 தேர்தலுக்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியில் அமைந்த ஏ.ஜே. ஜான் தலைமையிலான காங்கிரஸ் அரசு, நேசமணி கட்சியின் எட்டுப் பேரை நம்பித்தான் நின்றது. தாலுகா விஷயத்தில் பிடிகொடுக்காததால் 1953-ல் இவர்கள் கையை விலக்க, அரசு விழுந்தது. அடுத்த தேர்தலில் இவர்களுக்குப் பன்னிரண்டு இடம். ஆனால் வெறும் 19 இடம் பிடித்த பிரஜா சோசலிஸ்ட் கட்சி காங்கிரஸ் ஆதரவோடு ஆட்சிக்கு வந்தது, பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சர்.

சண்டை முதலில் மூண்டது மலையில். தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்களே அதிகம். அங்கே கூட்டம் போடத் தடை. 1954 ஜூலையில் நேசமணியும் அவர் கட்சியின் அப்துல் ரசாக்கும் சிதம்பரநாதனும் தடையை மீறிப் போய்க் கைதானார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் என்பதெல்லாம் மூணாறு போலீஸிடம் எடுபடவில்லை. சேதி கீழே வந்ததும் இங்கே கடையடைப்பு, மறியல், பஸ் நிறுத்தம். ஆகஸ்ட் 11-ஐ விடுதலை நாளாக அறிவித்து ஊர்வலங்கள் கிளம்பின. தொடுவெட்டியிலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் கூலிவேலை செய்து பிழைத்தவர்கள்.

புதுக்கடைக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். தியாகிகளின் நினைவுத் தூணைச் சுற்றி பைக்குகள். போன ஆகஸ்டில் போட்ட மாலைகளில் ஒன்றின் நார் மட்டும் கம்பியில் சுற்றிக் கிடந்தது. பக்கத்தில் மட்டிப் பழம் விற்றவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவருடைய அப்பா அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவராம். வெடிச் சத்தம் கேட்டதும் பலர் மேலே சுடுகிறார்கள் என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தார்களாம். “பொறவு பக்கத்துல நின்ன ஆள் இருந்தாரு. உக்காருதாருண்ணு நெனச்சாராம் அப்பா.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. ஒரு சீப்புப் பழத்தைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

சுதந்திர இந்தியாவில் ஒரு சோசலிஸ்ட் அரசாங்கம் ஜனங்களைச் சுட்டது அந்தக் கட்சியையே உலுக்கியது. பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியா, தன் கட்சி முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னார். பட்டம் தாணுப்பிள்ளை விலகவில்லை. கடைசியில் லோகியாதான் கட்சியை விட்டு வெளியேற வேண்டி வந்தது, பட்டம் அமைச்சரவையும் 1955 பிப்ரவரியில் கவிழ்ந்தது. லோகியாவை வடக்கத்தி அரசியல்வாதியாகவே தெரிந்து வைத்திருந்த எனக்கு, அவர் அரசியலின் ஒரு திருப்பம் இந்தப் புதுக்கடைச் சந்தியில் கிடக்கிறது என்பது இன்றுதான் உறைத்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணாச்சி பழையவர்கள் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். சாம் நத்தானியல், பி.எஸ். மணி, குஞ்சன் நாடார், தாணுலிங்க நாடார், அப்துல் ரசாக். உள்ளுக்குள் இவர்களுக்குச் சண்டைகளும் உண்டு, கட்சி உடைந்து ஒட்டியதும் உண்டு. ஆனாலும் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று மூன்று பேரும் ஒரே மேடையில் ஏறி ஒரே கோரிக்கையைச் சொன்ன காலம் இந்த மாவட்டத்தில் ஒன்று இருந்தது. தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணித் தலைவரானார். 1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் நடந்தது. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. இருந்தாலும் எழுதாமல் விட்டால் நான் பார்த்தது பாதிதான் என்றாகும்.

நான்காம் நாள், செவ்வாய்: களியக்காவிளை

காலையிலேயே எல்லைக்கு வந்துவிட்டோம். எல்லை என்றால் கோடு ஒன்றும் கிடையாது. கடை போர்டில் எழுத்து மாறுகிறது, அவ்வளவுதான். புட்டும் கடலைக் கறியும் இரண்டு பக்கமும் ஒரே ருசி. அண்ணாச்சி தண்ணீர் கேட்டது “வெள்ளம்” என்று, கடைக்காரர் கொடுத்தது “தண்ணி” என்று.

பசல் அலி, குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் மூவரும் இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஐந்தும் சென்னை மாகாணத்துக்கு. தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை கிடையாது. அந்த ஐந்திலும் செங்கோட்டையின் காட்டுப்பகுதி கேரளத்தோடு நின்றுவிட்டது. 1956 நவம்பர் 1-ல் தெற்கே இருந்த நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டம் ஆயின.

அப்போது சென்னையில் முதலமைச்சர் காமராஜ். “மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது” என்று அவர் சொன்னதாக இன்றைக்கும் இங்கே சொல்லி வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அண்ணாச்சி அந்தக் கட்சி. நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் 2004-லிருந்து கேரளம் தண்ணீர் விடவில்லை, விளவங்கோட்டுக் கால்வாய் புல் முளைத்துக் கிடக்கிறது. அந்தக் கோபத்தையும் அவர் காமராஜ் கணக்கிலேயே எழுதுகிறார். அது கொஞ்சம் அதிகம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் மலையை நம்பிப் போராடிக் கைதான ஆளுக்கு மலை கிடைக்காமல் போனது எப்படி இருந்திருக்கும் என்பதை நானும் யோசித்துக்கொண்டேதான் வருகிறேன்.

நேசமணி அதை வெளியே காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கட்சியின் வேலை முடிந்தது, காங்கிரஸில் கரைந்தது. 1957-ல் அவர் டெல்லிக்குப் போகவில்லை, கிள்ளியூரில் நின்று காங்கிரஸ் எம்எல்ஏ ஆனார். தாணுலிங்க நாடார் டெல்லி போனார். 1962-ல் மறுபடி மக்களவை. 1967-ல் தமிழ்நாடு முழுக்கக் காங்கிரஸ் மண்ணைக் கவ்வியபோது, 39 தொகுதியில் காங்கிரஸுக்குக் கிடைத்தது மூன்று. அதில் ஒன்று நாகர்கோவில்.

அந்தத் தேர்தலில்தான் காமராஜ் விருதுநகரில் தோற்றார். அடுத்த வருஷம் ஜூன் 1-ல் நேசமணி இறந்துபோனார். காலியான நாகர்கோவிலில் 1969 ஜனவரி இடைத்தேர்தலுக்கு வந்து நின்றது யார் என்றால், காமராஜேதான். ஒரு லட்சத்துக்கும் மேல் வாக்கு வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். 1971-லும். 1975-ல் சாகும்வரை அவர் இந்த ஊர் எம்பிதான்.

“மேடு குளம்ணு சொன்னவருக்கு ஏன் அண்ணாச்சி ஓட்டுப் போட்டீங்க?”

“நான் அப்பம் சின்னப் பையன், எனக்கு ஏது ஓட்டு? எங்க அப்பா போட்டாரு. நேசமணி இருந்த சீட்டுல்லா, கண்டவன் இருக்கப்பிடாதுண்ணு போட்டாரு.”

மத்தியானம் பஸ் ஏற நின்றோம். ஸ்டாண்டில் கேரள பஸ்ஸும் தமிழ்நாட்டு பஸ்ஸும் மூக்கோடு மூக்கு உரசி நின்றன. கையில் வாழையிலைக் கட்டோடு ஒரு பாட்டி, கண் சரியாகத் தெரியவில்லை போல, ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் முகப்பை அண்ணாந்து பார்த்தார். நாங்கள் ஏறப்போன வண்டியின் படிக்கட்டில் நின்ற கண்டக்டருக்கு இருபத்தைந்து வயசு இருக்கும்.

“எலே மக்களே, இது கேரளாவா, நேசமணியா?”

“நேசமணிதான் பாட்டி, ஏறுங்க,” என்று கையை நீட்டி இலைக்கட்டை வாங்கி வைத்தார் அவர். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.